ஆன்லைன் கடை ஏன் திணறுகிறது? டேட்டாபேஸ் வேகமும் கொள்ளளவுக் கணக்கும்

பாம்பன், மண்டபம் பக்கம் கருவாடு, கருப்பட்டி, மிளகாய் என்று ஆன்லைனில் விற்கத் தொடங்கியவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, சைட்டு ரொம்ப மெதுவா இருக்கு. பெரிய சர்வரா எடுத்துட்டா சரியாயிடுமா?" சில நேரம் ஆகும். பல நேரம் ஆகாது, மாத பில் மட்டும் ஏறும். எப்போது ஆகும், எப்போது ஆகாது என்று காகிதத்தில் கணக்குப் போட்டே ஓரளவு சொல்லிவிடலாம். அந்தக் கணக்குக்குக் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

கணக்குக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். மண்டபத்தில் இருக்கிறது. நெத்திலி, திருக்கை, சூடைக் கருவாடு, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் எல்லாம் விற்கிறது. நாளுக்குச் சராசரியாக 300 ஆர்டர். கடை பற்றி இனி வரும் எண்கள் எல்லாம் இந்தக் கற்பனைக் கடையுடையவை. அந்த இடங்களில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

இந்தக் கடையின் விவரங்கள் எல்லாம் டேட்டாபேஸ் என்னும் தகவல் களஞ்சியத்தில் அட்டவணைகளாக இருக்கும். வாடிக்கையாளருக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று, கையிருப்புக்கு ஒன்று, பாதியில் விட்டுப்போன கூடைகளுக்கு ஒன்று. ஆர்டர் அட்டவணையில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி எல்லாவற்றையும் மறுபடி எழுதுவதில்லை. அவருடைய எண்ணை மட்டும் எழுதிவைத்தால் போதும், தேவைப்படும்போது இரண்டு அட்டவணையையும் அந்த எண்ணை வைத்து இணைத்துக்கொள்ளலாம். ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

காட் சொன்னதில் நம் விஷயத்துக்கு முக்கியமானது ஒன்று. உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும், அதை எங்கே போய் எப்படி எடுத்து வருவது என்பதை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ளும். பெரிய வசதி. ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. "இந்த போன் நம்பருடைய கூடையில் என்ன இருக்கிறது?" என்ற ஒரே குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே கேள்வி, உள்ளே நாலைந்து இடங்களைத் தொட்டுப் பதில் சொல்லலாம், அல்லது ஐம்பதாயிரம் இடங்களைத் தொடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வாக்கியம், பதிலும் ஒன்றே.

பேஜ் என்னும் அளவுகோல்

டேட்டாபேஸ் ஒரு வரியைத் தனியாக எடுத்து வருவதில்லை. டிஸ்கிலிருந்து எதைப் படித்தாலும் குறிப்பிட்ட அளவுள்ள ஒரு துண்டாக, ஒரு முழு பேஜாகத்தான் படிக்கும். மைஎஸ்க்யூஎல்லில் விவரங்களைச் சேமித்து எடுக்கும் பகுதியான இன்னோடிபியில் ஒரு பேஜ் வழக்கமாக 16 கிலோபைட், போஸ்ட்கிரெஸில் 8 கிலோபைட். நூறு எழுத்து வேண்டுமென்றாலும் ஒரு பேஜ் முழுதும் வந்தாக வேண்டும். ஆகவே ஒரு குவெரி வேகமா மெதுவா என்பதற்கு முதல் கேள்வி, அது எத்தனை பேஜைத் தொடுகிறது என்பது. இரண்டாவது கேள்வி, அந்த பேஜ்கள் நினைவகத்தில் இருக்கின்றனவா, டிஸ்கில் இருக்கின்றனவா என்பது. நினைவகத்திலிருந்து எடுக்கச் சுமார் 100 நானோசெகண்டு. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் சுமார் 100 மைக்ரோசெகண்டு, அதாவது ஆயிரம் மடங்கு. பழைய சுழலும் டிஸ்க் என்றால் 10 மில்லிசெகண்டு வரை போகும், லட்சம் மடங்கு.

இப்போது நம் கடையின் கூடை அட்டவணைக்கு வருவோம். எல்லோரும் ஆர்டர் அட்டவணைதான் பெரிதாக வளரும் என்று நினைப்பார்கள். நாளுக்கு 300 ஆர்டர் என்றால் வருஷத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் வரிதான். ஆனால் ஒரு ஆர்டர் வர 50 பேர் வந்து பார்க்கிறார்கள் என்று வைத்தால், நாளுக்கு 15,000 பேர். அவர்களில் ஐந்தில் ஒருவர் எதையாவது கூடையில் போட்டுவிட்டுப் போனால் நாளுக்கு 3,000 கூடை. வருஷத்துக்குப் பதினோரு லட்சம். இரண்டு வருஷம் யாரும் சுத்தம் செய்யாமல் விட்டால் இருபது லட்சம் தாண்டிவிடும். வரிக்கு 400 பைட் என்றால் மொத்தம் 80 கோடி பைட், அதாவது சுமார் 800 மெகாபைட். 16 கிலோபைட் பேஜாக வகுத்தால் ஏறக்குறைய 50,000 பேஜ்.

போன் நம்பரை வைத்துக் கூடையைத் தேடும்போது அந்தப் புலத்துக்கு, அதாவது அட்டவணையின் அந்த நெடுவரிசைக்கு, இண்டெக்ஸ் இல்லையென்றால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அத்தனை பேஜையும் புரட்டித்தான் ஆக வேண்டும். செகண்டுக்கு 500 மெகாபைட் படிக்கிற எஸ்எஸ்டி என்றால் ஒரு தேடலுக்கு 1.6 செகண்டு. ஒருவர் மட்டும் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம். முப்பது பேர் ஒரே நேரத்தில் கேட்டால் அந்த 500 மெகாபைட்டை முப்பது பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

இண்டெக்ஸ் போட்டால் என்ன ஆகும்? இண்டெக்ஸ் என்பது அந்தப் புலத்தின் மதிப்புகளை மட்டும் வரிசைப்படுத்தி, படிப்படியாகக் கிளைபிரித்து வைத்த தனி அமைப்பு. பெரும்பாலும் பி-ட்ரீ வகை. 1970களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ரூடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் உருவாக்கியது. மேலே ஒரு பேஜ். அதில் சுமார் 500 மதிப்புகளும், ஒவ்வொன்றுக்கும் அடுத்து எந்த பேஜுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுத்த பேஜில் இன்னொரு 500. அதற்கடுத்து இன்னொரு 500. மூன்றே படியில் 500 × 500 × 500, அதாவது பன்னிரண்டரைக் கோடி வரிகளில் ஒன்றைப் பிடித்துவிடலாம். நம் இருபது லட்சம் இதற்குள் தாராளமாக அடங்கும். இன்னோடிபியில் போன் நம்பர் இண்டெக்ஸில் தேடி வரியின் முதன்மை எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணை வைத்து மறுபடி ஒரு மரம் இறங்க வேண்டும். அப்படியும் ஆறேழு பேஜ்தான். மேல்படிகள் எப்போதும் நினைவகத்திலேயே கிடக்கும் என்பதால் டிஸ்க்கைத் தொடுவது ஒன்றிரண்டு முறை.

ஐம்பதாயிரத்துக்கும் ஏழுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை எந்தப் பெரிய சர்வராலும் ஈடுகட்ட முடியாது. நாலு மடங்கு விலை கொடுத்தால் நாலு மடங்கு வேகம் கிடைக்கலாம். இங்கே தேவை ஏழாயிரம் மடங்கு.

இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போகிற இடங்கள்

இதுதான் ஆரம்பத்தில் இருப்பவர்களை அதிகம் சுற்றவைக்கிறது. இண்டெக்ஸ் போட்டாயிற்று, ஆனாலும் மெதுவாகவே ஓடுகிறது.

போன் நம்பர் ஒரு நல்ல உதாரணம். அட்டவணையில் அது எழுத்துப் புலமாக இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால் குவெரி எழுதுபவர் மேற்கோள்குறி போடாமல் பத்து இலக்கத்தையும் எண்ணாகக் கொடுத்துவிடுவார். போஸ்ட்கிரெஸ் என்றால் உடனே பிழை காட்டித் திருப்பி அனுப்பிவிடும். மைஎஸ்க்யூஎல் நல்ல மனசோடு ஒவ்வொரு வரியிலும் எழுத்தை எண்ணாக மாற்றி ஒப்பிட்டுப் பார்க்கும். விடை சரியாகவே வரும், ஆனால் இருபது லட்சம் வரியையும் படித்துவிட்டு வரும். இரண்டே இரண்டு மேற்கோள்குறி இல்லாததால் வந்த வினை.

அடுத்தது தேதி. "இன்றைய ஆர்டர்கள்" வேண்டும் என்று, ஆர்டர் நேரம் உள்ள புலத்தின் மேல் தேதியை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபங்ஷனைப் போட்டு ஒப்பிடுவார்கள். இண்டெக்ஸ் வரிசைப்படுத்தியிருப்பது முழு நேரத்தை. ஃபங்ஷனின் விடையை அது அறியாது. இன்று தொடங்கும் நேரத்துக்குச் சமமாகவோ பிறகோ, நாளை தொடங்கும் நேரத்துக்கு முன்னால் என்று இரண்டு எல்லையாக எழுதினால் அதே இண்டெக்ஸ் ஒழுங்காக வேலை செய்யும். இதில் இன்னொரு கொக்கியும் உண்டு. பல சர்வர்களில் நேரத்தை யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் சேமிப்பார்கள். நம்முடைய நள்ளிரவு அங்கே முந்தைய நாள் 18:30 மணி. எல்லையை அந்தக் கணக்கில் போடாவிட்டால் கீழக்கரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து ராத்திரி போட்ட ஆர்டர், இங்கே விடிகாலை அறிக்கையில் தப்பான நாளில் போய் உட்காரும்.

மூன்றாவது, பெயரின் நடுவில் தேடுவது. "நெத்திலி" என்று தொடங்கும் பெயர்களை வரிசைப்படுத்திய இண்டெக்ஸில் எளிதாகப் பிடிக்கலாம். "எங்கேயாவது கருவாடு என்று வரும் பெயர்" என்றால் வரிசை உதவாது, அதற்கு முழுச்சொல் தேடலுக்கான தனி இண்டெக்ஸ் வேண்டும். பொருள் முந்நூறு நானூறுதான் என்றால் இதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், மொத்தமும் சில பேஜில் முடிந்துவிடும்.

ஒரு சின்ன விஷயம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் பிடிக்கும். "கருவாடு" என்பதில் துணையெழுத்துகளையும் சேர்த்து ஏழு குறியீடு, ஆக 21 பைட். தமிழ்ப் பெயரை வைத்து அட்டவணைகளை இணைப்பதைவிட ஒரு எண்ணை வைத்து இணைப்பது ஏன் நல்லது என்பதற்கு நம் ஊர்க் காரணம் இது. இண்டெக்ஸ் சிறுத்தால் ஒரு பேஜில் அதிகம் கொள்ளும்.

அதற்காக எல்லாப் புலத்துக்கும் இண்டெக்ஸ் போட்டுத் தள்ளவும் கூடாது. ஒவ்வொரு புது வரி நுழையும்போதும் எல்லா இண்டெக்ஸிலும் அதற்கான இடத்தைத் தேடி எழுத வேண்டும். படிப்பது வேகமாகும், எழுதுவது மெதுவாகும். விற்பனை நாளில் எழுதுவதுதான் காசு.

கூட்டம் வரும் நேரம்

சரி, ஒரு குவெரியின் வேகம் புரிந்தது. ஆயிரம் குவெரி சேர்ந்து வரும்போது என்ன நடக்கிறது?

ராமேஸ்வரம் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடப் போனவர்களுக்கு இது தெரிந்த காட்சி. கிணற்றடியில் ஒருவர் வாளியில் இறைத்து ஊற்றுகிறார். ஒரு ஆளுக்கு 10 செகண்டு. சராசரி 20 செகண்டுக்கு ஒருவர் வந்தால் நிற்கவே வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் ஆட்கள் மணி பார்த்து வருவதில்லை. பஸ்ஸில் இறங்கி மொத்தமாக வருவார்கள், அப்புறம் கொஞ்ச நேரம் யாருமே இருக்க மாட்டார்கள். இறைப்பவருக்குப் பாதி நேரம்தான் வேலை என்றாலும் சராசரியாக ஒருவர் நின்று குளித்து நகர 20 செகண்டு ஆகும். அவருக்கு 80 சதவீதம் வேலை என்றால் 50 செகண்டு. 90 சதவீதம் என்றால் 100 செகண்டு. 95 சதவீதம் என்றால் 200 செகண்டு. எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் கூட்டத்துக்கு ஒரே ஆள் வேலை செய்யும் வரிசையின் எளிய கணக்கு இது. வேலை நேரத்தை, மீதமிருக்கும் ஓய்வுப் பங்கால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சர்வரின் பிராசஸருக்கும் டிஸ்குக்கும் கிட்டத்தட்ட இதே நடத்தைதான். பிராசஸரில் தனித்தனியாக வேலை செய்யும் கோர் பல இருந்தால் எண்கள் கொஞ்சம் இளகும், வளைவு மாறாது. "80 சதவீதம்தானே போகிறது, இன்னும் 20 மிச்சம் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் 90ஐத் தொட்டதும் திகைப்பது இதனால்தான். நாளாந்த உச்சத்தில் பாதிக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். கஞ்சத்தனமாக இருப்பவர்கள் 70 வரை போகலாம். அதற்கு மேல் என்றால் துணிச்சல்.

இப்போது நம் கடைக்குக் கணக்குப் போடுவோம். 300 ஆர்டரில் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் மட்டும் 15 சதவீதம் வருகிறது என்றால் 45 ஆர்டர். ஆர்டருக்கு 50 பேர், ஆளுக்கு 8 இணையப்பக்கம், பக்கத்துக்கு 10 குவெரி. 45 × 50 × 8 × 10 என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1,80,000 குவெரி. செகண்டுக்கு 50. இது ஒன்றுமே இல்லை, சின்ன மெஷினே கொட்டாவி விட்டுக்கொண்டு செய்யும். யாரோ ஒரு சமையல் யூடியூபர் உங்கள் நெத்திலியைப் புகழ்ந்து வீடியோ போட்டுவிட்டார், இருபது மடங்கு கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். செகண்டுக்கு 1,000 குவெரி.

1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி இங்கே உதவும். ஒரே சமயத்தில் உள்ளே இருப்பவை எத்தனை என்றால், செகண்டுக்கு வருபவற்றின் எண்ணிக்கையை ஒன்று எடுத்துக்கொள்ளும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஒவ்வொரு குவெரியும் 2 மில்லிசெகண்டில் முடிந்தால் 1,000 × 0.002, அதாவது எந்த நேரத்திலும் சராசரியாக இரண்டு குவெரிதான் ஓடிக்கொண்டிருக்கும். நாலு கோர் மெஷினுக்குப் பாதி வேலை.

அந்த ஆயிரத்தில் நூற்றுக்கு ஒன்று மட்டும் நாம் மேலே பார்த்த கூடைத் தேடல், இண்டெக்ஸ் இல்லாமல் 1.6 செகண்டு. செகண்டுக்குப் பத்து. 10 × 1.6 என்றால் 16. மற்ற 990 குவெரியும் சேர்ந்து பிடிக்கும் இடம் இரண்டு, இந்தப் பத்து மட்டும் பிடிப்பது பதினாறு. அதுவும் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடினால்தான். உண்மையில் எல்லாம் ஒரே டிஸ்க்குக்கு அடித்துக்கொள்வதால் 1.6 செகண்டு மூன்றாகும், பத்தாகும். அதற்குள் இன்னும் நூறு வந்து நிற்கும். ஒரே நேரத்தில் டேட்டாபேஸோடு பேச அனுமதிக்கும் கனெக்ஷன் எண்ணிக்கை போஸ்ட்கிரெஸில் வழக்கமாக 100, மைஎஸ்க்யூஎல்லில் 151. அது நிரம்பியதும் நெத்திலிப் பக்கத்தைத் திறக்க வந்த அப்பாவிக்கும் பிழைச்செய்திதான் கிடைக்கும்.

இந்த இடத்தில் பலர் செய்வது, கனெக்ஷன் எண்ணிக்கையை 500 ஆக்குவது. வாசலை அகலப்படுத்தினால் உள்ளே நெரிசல்தான் கூடும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு தனி பிராசஸ், நினைவகம் தின்னும். கோர் எண்ணிக்கையின் இரண்டு மடங்கைச் சுற்றி கனெக்ஷன்களின் ஒரு சிறிய தொகுப்பை (பூல்) வைத்து, மிச்சப் பேரை அப்ளிகேஷன் பக்கமே சில மில்லிசெகண்டு நிறுத்திவைப்பது பெரும்பாலும் மொத்த வேகத்தைக் கூட்டவே செய்யும்.

கடைசி பாக்கெட்

படிப்பதில் வரும் நெரிசலை எப்படியும் சமாளித்துவிடலாம். ஆன்லைன் கடையில் உண்மையான கழுத்துப்பிடி, எல்லோரும் ஒரே வரியில் எழுத வரும்போதுதான். நெத்திலி இருப்பு என்பது ஒரே ஒரு வரி. இருநூறு பேர் ஒரே நேரத்தில் வாங்க அழுத்தினால் இருநூறு பேரும் அந்த ஒரு வரியில் உள்ள எண்ணைக் குறைக்க வேண்டும்.

ஆர்டர் என்பது ஒரு டிரான்சாக்ஷன். இருப்பைக் குறைப்பது, ஆர்டர் எழுதுவது, அதன் விவர வரிகளை எழுதுவது எல்லாம் ஒன்றாக நடக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடக்கக் கூடாது. இந்த உத்தரவாதத்துக்காகத்தான் வியாபாரக் கணக்குக்கு, காட் வழியில் வந்த ரிலேஷனல் டேட்டாபேஸை விட்டு யாரும் எளிதில் நகர்வதில்லை. ஆனால் டிரான்சாக்ஷன் முடியும் வரை அந்த இருப்பு வரிக்குப் பூட்டு. பூட்டு எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

இருப்பைக் குறைத்துவிட்டு, டிரான்சாக்ஷனை முடிக்காமல், வாடிக்கையாளரை யுபிஐ திரைக்கு அனுப்பி பதிலுக்குக் காத்திருக்கிற கடைகள் உண்டு. அவர் பின் போட்டு வர 20 செகண்டு ஆகிறது என்று வையுங்கள். அந்த 20 செகண்டும் நெத்திலி பூட்டிக்கிடக்கும். நிமிஷத்துக்கு மூன்று பேர்தான் நெத்திலி வாங்க முடியும், சர்வர் எத்தனை பெரிதானாலும். இன்னோடிபி பூட்டுக்காக 50 செகண்டு வரைதான் காத்திருக்கும். முதல் ஆள் 20இல் முடிப்பார், இரண்டாமவர் 40இல், மூன்றாமவர் 60இல். நான்காவது ஆள் 50ஐத் தாண்டியதும் பிழையோடு வெளியே வந்துவிடுவார். அந்த நேரத்தில் சர்வரின் பிராசஸரைப் பார்த்தால் 5 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். "மெஷின் சும்மாதான் இருக்கு, ஆனா ஆர்டர் விழ மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தீர்வு, பணத்துக்கு முன்பும் பின்பும் என்று வேலையை இரண்டு சின்ன டிரான்சாக்ஷனாகப் பிரிப்பது. முதலில், இருப்பு ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் ஒன்றைக் கழி என்று ஒரே வாக்கியமாகச் சொல்லி, பத்து நிமிஷத்துக்குள் பணம் வராவிட்டால் காலாவதியாகும் ஒரு பிடிப்பு வரியை எழுதி முடித்துவிடுங்கள். பத்து மில்லிசெகண்டு வேலை. அப்புறம் யுபிஐக்கு அனுப்புங்கள். பணம் வந்ததும் இரண்டாவது டிரான்சாக்ஷனில் ஆர்டரை உறுதி செய்யுங்கள். வராவிட்டால் இருப்பைத் திருப்பிச் சேருங்கள். முதலில் எண்ணைப் படித்துப் பார்த்து, அப்ளிகேஷனில் கழித்து, மறுபடி எழுதுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் "1" என்று படித்துவிட்டால் இல்லாத பாக்கெட்டை இரண்டாவது ஆளுக்கு விற்றிருப்பீர்கள்.

கூடையில் இரண்டு பொருள் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். ஒருவர் நெத்திலியைப் பூட்டிவிட்டுக் கருப்பட்டிக்குக் காத்திருப்பார், இன்னொருவர் கருப்பட்டியைப் பூட்டிவிட்டு நெத்திலிக்கு. யாரும் நகர முடியாது. டேட்டாபேஸ் இதைக் கண்டுபிடித்து ஒருவரைத் தள்ளிவிடும். எப்போதும் பொருள் எண்ணின் ஏறுவரிசையில்தான் பூட்டுவது என்று வைத்துக்கொண்டால் இந்த முட்டுக்கட்டை ஏறக்குறைய மறைந்துவிடும்.

எந்த மாதத்துக்குக் கணக்குப் போடுவது

சராசரி நாளை வைத்துக் கொள்ளளவு போடுவது வீண். மாதச் சராசரிக்கு யாரும் ஆர்டர் போடுவதில்லை. ரயில்வே தட்கலில் ஏசிக்குக் காலை 10 மணி, மற்றதுக்கு 11 மணி என்று உச்சம் நிமிஷக் கணக்கில் தெரியும். 2014 அக்டோபர் 6 அன்று பிளிப்கார்ட்டின் முதல் பெரிய தள்ளுபடி நாளில் வந்த கூட்டத்தில் தளம் தடுமாறி, நிறுவனர்கள் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. பெரிய இடத்துக்கே அப்படி.

நம் கடற்கரைக்கு நாட்காட்டி தெளிவாகவே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சை மீன் வரத்து குறையும், கருவாட்டைத் தேடுவோர் கூடுவார்கள். தேடுவோர் கூடும் அதே நேரத்தில் புதுச்சரக்கும் குறைவு என்பதால் கடைசிப் பாக்கெட்டுக்கான அடிதடி அப்போதுதான் அதிகம். புரட்டாசியில் பாதிப் பேர் சைவம், கருவாட்டு விற்பனை படுத்துவிடும். மாதம் முடிந்து ஐப்பசியின் முதல் ஞாயிறு வந்ததும் எழுந்துகொள்ளும். ரம்ஜானுக்குக் கீழக்கரை, தொண்டி வீடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வரும். ஆனால் ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதை மறந்து, போன மார்ச்சையும் இந்த மார்ச்சையும் ஒப்பிட்டு "விற்பனை விழுந்துவிட்டது" என்று பதறுபவர்கள் உண்டு. யூடியூபருக்கு நாட்காட்டி கிடையாது. அதற்காகத்தான் அந்த இருபது மடங்கு.

டிஸ்க் இடத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு ஆர்டருக்கு எல்லா அட்டவணையிலும் இண்டெக்ஸோடு சேர்த்து 6 கிலோபைட் என்றாலும் வருஷத்துக்கு 650 மெகாபைட்டைச் சுற்றித்தான். பொருள் படங்களை டேட்டாபேஸுக்குள் திணிக்காமல் இருந்தால் போதும். பார்க்க வேண்டியது நினைவகம். அன்றாடம் தொடும் அட்டவணைகளும் இண்டெக்ஸ்களும் நினைவகத்துக்குள் கொள்கின்றனவா? இன்னோடிபி தனக்கென்று வைத்துக்கொள்ளும் இடம் மாற்றாமல் விட்டால் வெறும் 128 மெகாபைட். 16 ஜிபி மெஷினை வாங்கிவிட்டு இந்த அமைப்பைத் தொடாமலே ஓட்டுகிற கடைகளைப் பார்த்தால் வயிறு எரியும். டேட்டாபேஸுக்கு மட்டுமான மெஷின் என்றால் நினைவகத்தில் 80 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது மைஎஸ்க்யூஎல் வழிகாட்டி. போஸ்ட்கிரெஸ் தன் பங்குக்கு 25 சதவீதத்தில் தொடங்கச் சொல்கிறது, மிச்சத்தை, அடிக்கடி தேவைப்படுவதை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இயங்குதளத்தின் கேஷ் பார்த்துக்கொள்ளும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், மெதுவான குவெரிகளைப் பதியும் லாகிலிருந்து. மைஎஸ்க்யூஎல்லில் அது மூடியிருக்கும், திறந்தாலும் 10 செகண்டுக்கு மேல் ஓடியதைத்தான் எழுதும். பத்து செகண்டு வரை எந்த வாடிக்கையாளர் காத்திருப்பார்? கால் செகண்டுக்குக் குறையுங்கள். ஒன்றின் நேரத்தை மட்டும் பார்க்காமல், அது எத்தனை முறை ஓடியது என்பதையும் பெருக்கிப் பாருங்கள். மாலையில் ஒரு முறை ஓடும் எட்டு செகண்டு அறிக்கையை விட, மணிக்கு நாற்பதாயிரம் முறை ஓடும் 50 மில்லிசெகண்டு குவெரிதான் உங்கள் எதிரி. பிறகு அந்தக் குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெயின் போட்டால் டேட்டாபேஸ் தன் திட்டத்தைக் காட்டும். மைஎஸ்க்யூஎல்லில் வகை என்ற இடத்தில் "ஆல்" என்றோ, போஸ்ட்கிரெஸில் "சீக் ஸ்கேன்" என்றோ ஒரு பெரிய அட்டவணைக்கு வந்தால் முழுதும் புரட்டுகிறது என்று அர்த்தம். எக்ஸ்பிளெயினோடு அனலைஸ் சேர்த்தால் குவெரி உண்மையாகவே ஓடும் என்பது நினைவிருக்கட்டும். அழிக்கும் குவெரிக்கு முன்னால் அதைப் போட்டால் அழிந்தே போகும்.

சோதனையை இருநூறு வரி உள்ள அட்டவணையில் செய்தால் எதுவும் தெரியாது. சின்ன அட்டவணைக்கு முழுதும் படிப்பதே லாபம் என்று டேட்டாபேஸே முடிவு செய்யும். பொய்யான கூடைகள் இருபது லட்சத்தை நிரப்பிய தனி நகலில், ஜேமீட்டர் போன்ற ஒரு கருவியை வைத்து அந்த ஆயிரம் குவெரியை அடித்துப் பாருங்கள். ஓடுகிற கடையில் வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் உச்ச நேரத்தில் பிராசஸர் 70ஐத் தாண்டினால், மாறாத பொருள் விவரங்களை கேஷில் வையுங்கள். அதற்கடுத்து, படிப்பதற்கு மட்டும் ஒரு நகல் டேட்டாபேஸ். நகல் ஒன்றிரண்டு செகண்டு பின்தங்கலாம், ஆகவே இப்போதுதான் பணம் கட்டியவருக்கு "என் ஆர்டர்கள்" பக்கத்தை மட்டும் மூல டேட்டாபேஸிலிருந்தே காட்டுங்கள். காலியாகக் கண்டால் அவர் பயந்துபோய் இன்னொரு முறை கட்டுவார். அட்டவணைகளைப் பல சர்வரில் பிரித்துப் போடும் ஷார்டிங் எல்லாம் இந்த அளவுக் கடைக்குத் தேவையே இல்லை. யாராவது விற்க வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பெரிய மெஷின் வாங்குவது இதற்குப் பிறகுதான், அப்போது அது நியாயமான செலவு. மாற்றுவதைப் புரட்டாசியில், வாரநாள் ஒன்றின் விடிகாலை 3 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புது மெஷினைச் சில நாள் முன்பே நகலாக ஓடவிட்டு, அன்று கடையைப் பத்து நிமிஷம் மூடி, இரண்டிலும் கடைசி ஆர்டர் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். புது மெஷினில் முதல் ஆர்டர் விழுந்த பிறகு பழையதற்குத் திரும்ப வேண்டுமென்றால் அந்த ஆர்டர்களையும் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்கான வழியையும் முந்தைய நாளே எழுதி, ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். மாற்றிய முதல் சில மணி நேரம் நினைவகம் காலியாக இருக்கும், எல்லா பேஜும் டிஸ்கிலிருந்துதான் வர வேண்டும். அதனால் காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் மெதுவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். எட்டு மணிக்கும் அப்படியே இருந்தால் லாகைத் திறந்து பாருங்கள்.